அப்பத்தா எதுவும் சாப்பிடவில்லை

தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம் வந்துவிடும். தேன்குழலும் அதிரசமும் மாவுருண்டையும் டின் டின்னாக நிறைந்திருக்கும் அந்த வாரத்தில்தான் அப்பத்தா விரதம் இருப்பார். முதல் ஐந்து நாளும் மதியம் ஒருவேளைச் சாப்பாடு. ஆறாம் நாள், சூரசம்ஹாரத்தன்று, தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. மறுநாள் காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, அதற்கப்புறம்தான் வாயில் ஏதாவது போடுவார்.

நான் சொல்ல வந்தது 2009 சஷ்டியைப் பற்றி. அப்பத்தாவுக்கு அப்போது 71 வயது. சர்க்கரை நோய் வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. நான் காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் இருந்த அண்ணன் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி அனுப்பியிருந்தான். விரலில் குத்தி அளந்து எழுதிவைப்பது என் வேலை. கோடு போட்ட பழைய நோட்டு ஒன்றில் தேதி, நேரம், அளவு, சாப்பிட்டது என்று நான்கு பத்தி பிரித்திருந்தேன்.

சூரசம்ஹாரத்தன்று இரவு 9 மணிக்கு 121. மறுநாள் காலை 6 மணிக்கு 158.

பட்டினி கிடந்தவருக்கு எப்படி 37 புள்ளி ஏறும்? எனக்கு உடனே டின்தான் நினைவுக்கு வந்தது.

“அப்பத்தா, உண்மையைச் சொல்லுங்க. ராத்திரி என்ன சாப்பிட்டீக?”

“தண்ணியத் தவிர ஒண்ணும் பல்லுல படலைப்பா.”

நான் நம்பவில்லை. ஆத்தாவும் நம்பவில்லை. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவரும் சிரித்துக்கொண்டே, “வயசானவங்க அப்படித்தான். இனிப்பு இருக்கிற இடத்தை மாத்தி வைங்க” என்றார். அன்று சாயங்காலம் ஆத்தா எல்லா டின்களையும் இரண்டாம் கட்டு அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அப்பத்தா வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, “ஏத்தா, சாவி எங்க இருக்கு? எதிர்த்த வீட்டுப் பிள்ளைக வந்திருக்குக. என்னத்தக் குடுக்க?” என்று மட்டும் கேட்டார்.

நோட்டில் அந்த நாளுக்கு ‘சாப்பிட்டது’ பத்தியில் நான் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன்.

மூன்று வருடம் கழித்து, முதுகலையில் உயிர்வேதியியல் படிக்கும்போது, ஒரு வகுப்பில் அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் கிடைத்தது. அன்று எனக்கு ஞாபகம் வந்தது நோட்டு கூட இல்லை, அந்தச் சாவிதான். அப்பத்தா சொன்னது முழு உண்மை. அந்தச் சர்க்கரையை அவர் சாப்பிடவில்லை. அவருடைய ஈரல் செய்தது. சர்க்கரையோ மாவோ இல்லாமலேயே செய்தது. இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் “ராத்திரி என்ன தின்னே?” என்ற விசாரணை காலையில் நடக்கிறது. அந்த வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நம் உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்தில் எந்த நேரத்திலும் இருக்கும் குளுக்கோஸ் 4, 5 கிராம்தான். ஒரு டீஸ்பூன் சீனி. ஆனால் மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. ரத்தச் சிவப்பணுக்களுக்கும் குளுக்கோஸை விட்டால் வேறு வழியில்லை. கொழுப்பை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அவற்றுக்குள் கிடையாது. தூங்கும்போதும் இந்தச் செலவு நிற்பதில்லை. அந்த ஒரு டீஸ்பூன் ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. அதனால் ஈரல் மணிக்கு ஏழெட்டுக் கிராம் வீதம் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு ராத்திரியில் 60 கிராமுக்கு மேல். 37 புள்ளி ஏற்றத்தை ரத்தத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தால் 2 கிராமுக்கும் குறைவு. வேலை செய்துகொண்டிருக்கும் ஈரல் கொஞ்சம் கை தாராளமாக அளந்துவிட்டால் போதும்.

இந்த 60 கிராம் எங்கிருந்து வருகிறது? எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல ஊருணியே போதும். மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து மாதக்கணக்கில் குடிப்போம். அதுபோல, சாப்பிட்ட குளுக்கோஸில் ஒரு பங்கை ஈரல் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாகக் கட்டிவைக்கிறது, சுமார் 100 கிராம். பட்டினி கிடந்தால் ஒரு நாளில் அது காலி. கோடையில் ஊருணி வற்றினால் என்ன செய்வார்கள்? ஊருணிக்குள்ளேயே இறங்கி ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்புவார்கள். ஈரலும் ஊற்றுத் தோண்டுகிறது. மாவுச்சத்தே இல்லாத பொருட்களிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்யும் இந்த வேலைக்கு குளுக்கோநியோஜெனிசிஸ் என்று பெயர். ஒரு வித்தியாசம் உண்டு: நாம் ஊருணி வற்றிய பிறகுதான் தோண்டுவோம், ஈரல் தண்ணீர் இருக்கும்போதே தோண்டத் தொடங்கிவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் காலைப் பலகாரத்துக்கும் நடுவில் கிடக்கும் சாதாரணப் பட்டினியிலேயே, விடிகிற நேரத்தில் ஈரல் விடும் குளுக்கோஸில் ஏறக்குறையப் பாதி புதிதாகச் செய்ததுதான். சிறுநீரகமும் இந்த வேலையைச் செய்யும். பல நாள் பட்டினியில் அதன் பங்கு பாதி வரைக்கும் போகும்.

செய்வதற்கு மூன்று சரக்கு: லாக்டேட், அமினோ அமிலம், கிளிசரால்.

லாக்டேட்டின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து காவடியோடு பழநிக்கு நடந்து போவார்கள், குன்றக்குடியில் புறப்பட்டு சிங்கம்புணரி, நத்தம் வழியாக. கடைசியில் மலைப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். அப்போது தொடைத் தசை குளுக்கோஸை முழுசாக எரிக்காமல் பாதியில் உடைத்து, லாக்டேட்டாக ரத்தத்தில் தள்ளிவிடும். சிவப்பணுக்கள் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இதைச் செய்துகொண்டே இருக்கின்றன. அந்த லாக்டேட் ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதை மறுபடி குளுக்கோஸாக்கி ரத்தத்துக்கே திருப்பித் தருகிறது. இந்தச் சுற்றைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் கார்ல் கோரியும் அவர் மனைவி கெர்ட்டி கோரியும். இருவருமே 1896இல் பிராக் நகரில் பிறந்தவர்கள், 1922இல் அமெரிக்கா போனவர்கள். சேர்ந்தே வேலை செய்தாலும் கணவருக்குப் பேராசிரியர் பதவியும் மனைவிக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலையுமாகவே பல வருடங்கள் போயின. கெர்ட்டி முழுப் பேராசிரியர் ஆனது 1947இல். கிளைக்கோஜன் ஆராய்ச்சிக்காக இருவருக்கும் நோபல் பரிசு வந்ததும் அதே வருடம்தான். மருத்துவத்தில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

கோரி சுற்றுக்கு ஐந்தொகை போட்டுப் பார்க்கலாம். ஒரு குளுக்கோஸை லாக்டேட்டாக உடைப்பதில் தசைக்குக் கிடைப்பது 2 ஏடிபி. ஏடிபிதான் உடம்புக்குள் புழங்கும் காசு. அந்த லாக்டேட்டைத் திரும்பக் குளுக்கோஸாக்க ஈரலுக்கு ஆகும் செலவு 6. ஒவ்வொரு சுற்றுக்கும் 4 நஷ்டம். எங்கள் ஐயா காலத்துக் கணக்கப்பிள்ளை பார்த்தால் கடையை மூடச் சொல்லியிருப்பார். ஆனால் அவசரத்தில் இருக்கும் தசைக்கு அந்த 2 ஏடிபி உடனே வேண்டும். அதற்கான செலவை ஈரல் நிதானமாகக் கொழுப்பை எரித்துக் கட்டிக்கொள்ளும். கடன் கொடுத்தவர் கையில் வேறு வருமானம் இருக்கிறது.

குளுக்கோஸை உடைக்கும் வழியையே தலைகீழாக நடந்தால் குளுக்கோஸ் வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். வராது. செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் வாசல்கள் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். குளுக்கோஸ் முன்வாசலில் நுழைந்து 10 வாசல் தாண்டிப் பின்தெருவில் பைருவேட் என்ற உடைந்த துண்டாக வெளியே போகிறது. அதில் 7 வாசல் இரண்டு பக்கமும் திறக்கும். 3 வாசல் உள்ளே போகிறவருக்கு மட்டும்தான் திறக்கும். திரும்பி வருபவர் அந்த மூன்று இடத்தில் மட்டும் பக்கத்துச் சந்தில் சுற்றி வர வேண்டும். பின்தெருவிலிருந்து முதல் சுற்றுதான் நீளம்: பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், ஒரு கார்பன் டைஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு, பிறகு அதையே உதறிவிட்டு வெளியேறும். அந்தக் கார்பனை ஒட்டவைக்கப் பயோட்டின் என்ற வைட்டமின் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது முகப்புக் கதவு. அதைத் திறக்கும் நொதிக்கு குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் என்று பெயர். ஈரலிலும் சிறுநீரகத்திலும் அது உண்டு, தசையில் இல்லை. அதனால்தான் தசையில் 400 கிராம் கிளைக்கோஜன் இருந்தாலும் ஒரு கிராமைக்கூடக் குளுக்கோஸாக ரத்தத்துக்குக் கொடுக்க முடியாது. பிறவியிலேயே அந்த நொதி இல்லாத குழந்தைகள் உண்டு. சேமித்ததும் வெளியே வராது, செய்ததும் வெளியே வராது. ஈரல் வீங்கும், பால் குடித்துச் சில மணி நேரத்திலேயே சர்க்கரை விழுந்துவிடும். வேகவைக்காத மக்காச்சோள மாவை நேரத்துக்கு நேரம் கரைத்துக் கொடுத்து அந்தப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அது குடலில் மெல்ல மெல்லக் கரையும்.

இரண்டாவது சரக்கு, புரதம். அமெரிக்காவில் கிரகாம் லஸ்க் என்ற ஆராய்ச்சியாளர் இதை அழகாக அளந்து காட்டினார். ஃப்ளோரிசின் என்ற மருந்து கொடுத்தால் ரத்தத்தில் சேரும் குளுக்கோஸ் எல்லாம் சிறுநீரில் இறங்கிவிடும். நாய்க்கு அந்த மருந்தைக் கொடுத்துவிட்டு மாவுச்சத்து இல்லாமல் வைத்திருந்தார். சிறுநீரில் குளுக்கோஸ் வந்துகொண்டே இருந்தது. புரதம் உடைந்ததற்கு அடையாளமான நைட்ரஜனையும் கூடவே அளந்தார். 1 கிராம் நைட்ரஜனுக்கு 3.65 கிராம் குளுக்கோஸ். 100 கிராம் புரதத்தில் 16 கிராம் நைட்ரஜன் இருப்பதால், அதிலிருந்து சுமார் 58 கிராம் குளுக்கோஸ் வர முடியும். கறியும் மீனும் தின்றாலே சர்க்கரை ஏறிவிடுமோ என்று இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது உடம்பு முழுவதும் வடிந்துகொண்டிருக்கும் நிலையில் எடுத்த கணக்கு. நல்ல நிலையில் இருப்பவருக்கு ஒரு தட்டுக் கோழி வறுவல் சர்க்கரையைப் பெரிதாக அசைக்காது. ஈரல் தேவைக்குத் தகுந்தபடிதான் செய்கிறது.

அதற்கும் முன்னால், 1848இல், பிரான்சில் கிளாட் பெர்னார் கறி மட்டும் தின்ற நாயின் ஈரலிலிருந்து வெளிவரும் ரத்தத்தில் சர்க்கரை இருப்பதைப் பார்த்தார். சர்க்கரையைச் செடிகொடிகள்தான் செய்யும், விலங்குகள் அதைத் தின்று அழிக்க மட்டுமே செய்யும் என்று பெரிய பெரிய அறிஞர்கள் நம்பிய காலம் அது. வாயில் போகாத சர்க்கரை உடம்பில் இருக்க முடியாது என்று 2009இல் எங்கள் வீட்டில் நினைத்ததும் கிட்டத்தட்ட அதே நம்பிக்கைதான்.

மூன்றாவது சரக்கு கிளிசரால். கொழுப்பு என்பது ஒரு கிளிசரால் முதுகில் மூன்று கொழுப்பு அமிலம் தொங்கும் பொருள். கிளிசரால் குளுக்கோஸாகும். ஆனால் மொத்தக் கொழுப்பில் பெரும்பங்கான அந்த நீளக் கொழுப்பு அமிலங்கள் நம் உடம்பில் குளுக்கோஸாகாது. அவை இரண்டு இரண்டு கார்பனாக நறுக்கப்படுகின்றன. அந்த இரட்டைக் கார்பனைப் பைருவேட்டாகத் திருப்ப நமக்கு வழியே இல்லை. ஆமணக்கு விதைக்கு இருக்கிறது! மானாவாரிக் கொல்லையில் மழை விழுந்ததும் முளைக்கும் ஆமணக்கும் நிலக்கடலையும் தமக்குள் இருக்கும் எண்ணெயைச் சர்க்கரையாக்கித்தான் முதல் இலை விடுகின்றன. அதற்கான தனிப்பாதையை 1957இல் ஹான்ஸ் கோர்ன்பெர்க்கும் ஹான்ஸ் கிரெப்ஸும் கண்டுபிடித்தார்கள். கிலோக் கணக்கில் கொழுப்பைச் சுமந்துகொண்டிருக்கும் மனிதன் பட்டினியில் தசையைக் கரைக்க வேண்டியிருக்கிறதே என்று வகுப்பில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஆனால் கொழுப்பு வேறு விதத்தில் கை கொடுக்கிறது. பட்டினி நீண்டால் ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைச் செய்து மூளைக்கு அனுப்பும். மூளை குளுக்கோஸைக் குறைத்துக்கொள்ளும். ஜார்ஜ் கேஹில் 1960களில் வாரக்கணக்கில் பட்டினி இருந்தவர்களை ஆராய்ந்து இதைக் காட்டினார். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 75 கிராம் அளவில் கரைந்த புரதம், சில வாரங்களில் 20 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தவிர, குளுக்கோஸ் செய்ய ஈரலுக்கு வேண்டிய ஏடிபி பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் வருகிறது. அந்த அடுப்பு அணைந்தால் என்ன ஆகும் என்பதற்கு பீகாரின் முசாஃபர்பூர் சாட்சி. ராத்திரி சாப்பிடாமல் படுத்த ஏழைக் குழந்தைகள், பகலில் தோப்பில் லிச்சிப் பழம் தின்றிருந்தவர்கள், விடியற்காலையில் வலிப்பு வந்து இறந்துபோனார்கள். லிச்சியில் இருக்கும் ஒரு நஞ்சு கொழுப்பு எரிவதைத் தடுத்துவிட, ஈரலால் குளுக்கோஸ் செய்ய முடியவில்லை. 2014இல் அங்கே நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ராத்திரி சாப்பிட்டுப் படுத்த பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. வெறும் வயிற்றில் குடிப்பவருக்குச் சர்க்கரை விழுவதும் ஏறக்குறைய இந்த வகைதான். சாராயம் ஈரலின் இந்த வேலையைத் தடுத்துவிடும்.

இந்த வேலையிலேயே உயிர் வாழும் பிராணி எங்கள் கொட்டிலில் நின்றது. பசு. அது தின்கிற வைக்கோலின் மாவுச்சத்தை எல்லாம் வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து அமிலமாக்கிவிடுகின்றன. ரத்தத்துக்குச் சர்க்கரையாகப் போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம். அந்த அமிலங்களில் ஒன்றான புரோப்பியோனிக் அமிலத்திலிருந்துதான் பசுவின் ஈரல் குளுக்கோஸ் செய்கிறது. 10 லிட்டர் பால் கறந்தால் அதில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறையப் பால்சர்க்கரை இருக்கும். அத்தனையும் ஈரலின் உழைப்பு.

சரி, அப்பத்தாவுக்கு ஏன் கூடியது? தோண்டு என்று சொல்வது குளுக்ககான் என்ற ஹார்மோன், போதும் என்று சொல்வது இன்சுலின். சர்க்கரை நோயில் ஈரலின் காதில் இந்தப் ‘போதும்’ சரியாக விழுவதில்லை. ஊருணி நிறைந்து கிடந்தாலும் தோண்டிக்கொண்டே இருக்கும். அதோடு விடியும் முன்னால் கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறும். எழுந்து வேலை பார்க்க வேண்டியவருக்கு உடம்பு முன்கூட்டியே எரிபொருள் எடுத்துவைக்கிறது. நல்ல உடம்பில் இன்சுலின் கொஞ்சம் கூடிச் சமன் செய்துவிடும். அப்பத்தா உடம்பில் அது நடக்கவில்லை. மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கியமான வேலையே ஈரலின் இந்தத் தாராளத்தைக் கட்டுப்படுத்துவதுதான். 1957இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் அதைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துப் பார்த்ததை எழுதினார்.

அந்த வருடப் பொங்கல் விடுமுறையில் ஊருக்கு வந்ததும் நான் முதலில் அப்பத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். ஊருணியையும் ஊற்றையும் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். “அன்னிக்கு நீங்க சொன்னது நெசம் அப்பத்தா. நான்தான் நம்பலை” என்றேன். அவர் சாவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப அந்த ஈரல் ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டா இருக்கு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “பாவம்” என்றார்.

ஆத்தாவிடமும் சொன்னேன். ஆத்தா அன்றைக்கு அப்பத்தாவுக்குத் தானே தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். வேறொரு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் ராத்திரி மாத்திரையை மாற்றி எழுதினார். கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்கவைக்கும் இன்னொரு மாத்திரையை விரத நாளில் போடக் கூடாது, வெறும் வயிற்றில் சர்க்கரை ஆபத்தாக விழுந்துவிடும் என்று அப்பத்தாவிடமே விளக்கிச் சொன்னார். விரதமே வேண்டாம் என்றுதான் அவர் ஆசைப்பட்டார். அப்பத்தா ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில், சூரசம்ஹாரத்தன்று மூன்று மணிக்கு ஒருமுறை அளப்பது, 80க்குக் கீழே போனால் விரதத்தை முடித்துவிடுவது என்று பேசி முடிவானது.

அடுத்த சஷ்டிக்கு நான் ஊரில் இருந்தேன். அதே நோட்டு. இரவு 9 மணிக்கு 117. காலை 6 மணிக்கு 134. பலகார டின்கள் வளவிலேயே, அப்பத்தா படுத்திருந்த பாய்க்கு நாலடி தூரத்தில் இருந்தன. நான் பழைய பக்கத்தைப் புரட்டி, 2009ஆம் வருடக் கேள்விக்குறியை அடித்துவிட்டு அங்கே ‘தண்ணீர்’ என்று எழுதினேன். புதுப் பக்கத்திலும் அதையே எழுதினேன்.